ஜூன் மாதம் காணாமல் போகும் நியூ ஜெர்சித் தமிழ் வாக்காளர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்து வாக்காளர்களாகிவிட்ட நம் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் டவுன்ஷிப் கவுன்சிலுக்குப் போட்டியிட்ட நண்பருக்காக வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கக் கிளம்பினேன். கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். தெரு, வீட்டு எண், பெயர், எந்தக் கட்சியில் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. யாருக்கு வாக்களித்தார் என்பது இருக்காது, வந்தாரா வரவில்லையா என்பது மட்டும்தான். இந்த ஊரில் அது பொதுப் பதிவு. ஆசையாக என் தெருவைத் தேடிப் பார்த்தேன். நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். ஒரு பெயர்கூட இல்லை. என் பெயரும் இல்லை.

ஏதோ கணினிக் கோளாறு என்று நினைத்து ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். முழுப் பட்டியலைத் திறந்து காட்டினார். அதில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். நவம்பர் கட்டங்களில் வரிசையாக டிக். ஜூன் கட்டங்கள், அதாவது நவம்பர் பொதுத் தேர்தலுக்கு ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் பிரைமரித் தேர்தலுக்கான கட்டங்கள், எல்லாம் காலி. கட்சி என்ற இடத்தில் 'சாராதவர்'. "இவங்க பிரைமரிக்கு வர்றதில்ல. அதனால இந்தக் கதவை எல்லாம் நாம தட்டுறதில்ல, நேரம்தான் வீண்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் வீட்டுக் கதவைப் பற்றி என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

நமக்குத் தபாலில் தேர்தல் துண்டறிக்கை வருவதில்லை, வேட்பாளர்கள் நம் வாசலுக்கு வருவதில்லை, நம்மை யாரும் மதிப்பதில்லை என்று ஓக் ட்ரீ சாலையில் டீ குடித்தபடி நாம் எத்தனை முறை புலம்பியிருப்போம்! காரணம் இவ்வளவுதான். ஜூனில் வராத வாக்காளர் அவர்கள் கணக்கில் பாதி வாக்காளர்.

நவம்பரில் வருகிறோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பிரைமரி என்பது கட்சிக்காரர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் ஏதோ சடங்கு, நமக்கு அங்கே என்ன வேலை என்று. ஆனால் நாம் அடர்ந்து வாழும் இடங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எடிசன், பிஸ்கட்டவே, சவுத் பிரன்ஸ்விக், பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் விண்ட்சர், ஜெர்சி சிட்டி. இங்கெல்லாம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதி என்றால் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யாரோ அவர்தான் நவம்பரில் ஜெயிக்கிறார். வேறு சில கவுண்டிகளில் (ஊர் மாவட்டம் மாதிரி) குடியரசுக் கட்சிக்கு இதே கதை. ஒரு கட்சியின் கோட்டையாக இருக்கும் ஊரில் போட்டி எல்லாம் ஜூனிலேயே முடிந்துவிடுகிறது. நவம்பரில் நாம் போய்ப் போடுவது முத்திரை.

ஒரு கதை சொல்கிறேன், நம்மவர் கதைதான். 2014இல் நம் 12ஆவது காங்கிரஸ் தொகுதியின் உறுப்பினர் ரஷ் ஹோல்ட் மீண்டும் நிற்கப்போவதில்லை என்றார். ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நான்கு பேர் இறங்கினார்கள். அதில் ஒருவர் உபேந்திர சிவுகுலா. நெல்லூரில் பிறந்தவர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 2002இலிருந்து மாநில சட்டமன்றத்தில் இருந்தவர். கோயில், சங்கம், பொங்கல் விழா என்று எங்கே போனாலும் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஜூன் 3 அன்று அவர் மூன்றாவதாக வந்தார். போனி வாட்சன் கோல்மன் வென்றார். நியூ ஜெர்சியிலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர். தகுதியானவர்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் சொல்ல வருவது எண்ணிக்கையைப் பற்றி. ஏழு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் அந்தத் தொகுதியில், நான்கு வேட்பாளர்களுக்கும் சேர்த்து அன்று விழுந்த வாக்குகள் நாற்பதாயிரத்துக்கும் குறைவு. அவ்வளவு சிறிய கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த முடிவு பத்து வருடத்துக்கு மேல் நின்றது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு நவம்பரிலும் நாம் கடமை தவறாமல் போய் வரிசையில் நின்றோம்.

அந்த ஜூன் 3 அன்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், அலுவலகத்தில். தேர்தல் என்றே தெரியாது. கையில் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தது, வாக்காளர் பதிவும் இருந்தது.

சரி, ஏன் போவதில்லை? நான் கேட்டுப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே காரணத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். "கட்சி பேரைச் சொல்லணுமாமே!"

உண்மைதான், சொல்ல வேண்டும். முதல் முறை போனபோது எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், மடக்கு மேசை, மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி. பெயரைக் கேட்டார், சொன்னேன். திரையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எந்தக் கட்சியிலும் பதிவு செய்யவில்லை. இன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்?" என்று அந்தக் கூடமே கேட்கும்படி கேட்டார். ஊரில் வாக்குச்சாவடிக்குள் கட்சிப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் என்ன ஆகும்! சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் சின்னம் போட்ட துண்டோடுகூட நிற்கக் கூடாது என்று பழகியவர்கள் நாம். இங்கே அரசாங்க மேசையில் உட்கார்ந்திருப்பவரே கட்சியைக் கேட்கிறார். பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டியின் காதோரம் குனிந்து சொன்னேன். அவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் நின்றவர் கைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. கட்சியில் பதிவு என்பதை நாம் ஊர் வழக்கப்படி கட்சி உறுப்பினர் அட்டை என்று புரிந்துகொள்கிறோம். சந்தா, கூட்டம், கரை வேட்டி என்று மனம் போகிறது. இங்கே அது ஒரு வரிப் பதிவு மட்டுமே. காசு கட்ட வேண்டாம். யாருக்கும் கட்டுப்பட வேண்டாம். நவம்பரில் நீங்கள் எதிர்க்கட்சிக்கே போட்டாலும் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் குற்றமில்லை. எந்தக் கட்சியின் சீட்டை வாங்கினீர்கள் என்பது பதிவில் இருக்கும், அதில் யார் பெயருக்கு எதிரே குறித்தீர்கள் என்பது இருக்காது. அலுவலகத்தில் தெரிந்துவிடுமோ, விசாவில் இருக்கும் தம்பிக்குச் சிக்கல் வருமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் இப்படிப் பதிவு செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

நம் மாநிலத்து விதியையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்சியையும் சாராதவராகப் பதிவு செய்திருந்தால், பிரைமரி நாளன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். அன்றிலிருந்து அந்தக் கட்சிக்காரராகப் பதிவு மாறிவிடும். வேண்டாம் என்றால் பிறகு படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்துகொண்டு மற்ற கட்சியின் பிரைமரிக்குப் போக நினைத்தால், 55 நாளுக்கு முன்பே மாற்ற வேண்டும். புதிதாக வாக்காளராகப் பதிவு செய்ய 21 நாள் முன்பு கடைசி. நம்மில் நிறையப் பேர் கோவிட் காலத்திலிருந்து தபால் வாக்குக்கு மாறிவிட்டோம் அல்லவா, அங்கேதான் ஒரு பொறி. நவம்பருக்குத் தானாகச் சீட்டு வந்துவிடுவதால் ஜூனுக்கும் வரும் என்று காத்திருக்கிறோம். கட்சி சாராதவருக்குப் பிரைமரிச் சீட்டு தபாலில் வராது. எந்தக் கட்சியின் சீட்டை அனுப்புவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்சி அறிவிப்புப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பினால்தான் வரும்.

இன்னொன்று, முக்கியமானது. பச்சை அட்டையில் இருப்பவர்களும் எச்1பி விசாவில் இருப்பவர்களும் இந்த மடலைப் படித்துவிட்டு ஆர்வத்தில் பதிவு செய்துவிடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகும். மோட்டார் வாகன அலுவலகத்தில் யாராவது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லால்குடிப் பக்கம் ஒரு கட்சியில் முப்பது வருடம் கிளைச் செயலாளராக இருந்தவர். மூன்று சட்டமன்றத் தேர்தலுக்குப் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு நேர்காணலுக்குப் போவார். உள்ளே நுழைந்து கும்பிட்டு வெளியே வர இரண்டு நிமிடம் ஆகும். கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" மூன்று முறையும் பட்டியலில் வேறு பெயர் வந்தது. ஒரு முறை வந்தவர் தொகுதிக்கே புதியவர். சித்தப்பா ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்தார், அப்புறம் அந்தப் புதியவருக்கே சுவர் விளம்பரம் எழுதப் போனார். ஊரில் வேட்பாளரைத் தலைமைதான் முடிவு செய்யும். வாக்காளருக்கு அதில் பங்கே இல்லை. 2014 மக்களவைத் தேர்தலின்போது அங்கத்துக் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் மட்டும் கட்சிக்காரர்களை வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சோதனை ஒன்றை நடத்திப் பார்த்தது. அது அத்தோடு நின்றுபோனது.

இதைச் சொல்லக் காரணம், நியூ ஜெர்சியும் நேற்று வரை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மாநிலத்தில் 21 கவுண்டிகள். அதில் 19இல் 'லைன்' என்று ஒன்று இருந்தது. கவுண்டி கட்சித் தலைவர் யாரை ஆதரிக்கிறாரோ அவர்கள் பெயரெல்லாம் வாக்குச்சீட்டில் ஒரே நேர்கோட்டில் வரும். மேலே அதிபர், அதன் கீழ் செனட்டர், அதன் கீழ் காங்கிரஸ் உறுப்பினர், கடைசியில் டவுன்ஷிப் கவுன்சில் வரை. தலைவரின் ஆசி இல்லாதவர்கள் பெயர் தள்ளித் தள்ளி, சில சமயம் காலிக் கட்டங்களைத் தாண்டி ஓரத்தில் கிடக்கும். அந்த ஓரத்துக்கு இங்கத்து அரசியல்வாதிகள் 'சைபீரியா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாக்காளர் என்ன செய்வார்? தெரிந்த பெயர் மேலே இருக்கிறது, அப்படியே கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். லைன் கிடைத்தால் சீட் கிடைத்த மாதிரி. என் சித்தப்பா இங்கே இருந்திருந்தால் சென்னைக்குப் பதிலாகக் கவுண்டி தலைவர் வீட்டு வாசலில் நின்றிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை உடைத்தவர் அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஆண்டி கிம். செனட்டர் பாப் மெனெண்டெஸ் மீது 2023 செப்டம்பரில் ஊழல் வழக்குப் பதிவானதும், மறுநாளே, யாரிடமும் உத்தரவு கேட்காமல் நான் நிற்கிறேன் என்று அறிவித்தார். இரண்டு மாதத்தில் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபியின் மனைவி டாமி மர்ஃபி களத்தில் இறங்கினார். பெரிய கவுண்டிகளின் தலைவர்கள் வரிசையாக அவர் பக்கம் போய் நின்றார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், எத்தனை முறை பார்த்த காட்சி! கிம் 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் போனார். மார்ச் 24 அன்று டாமி மர்ஃபி விலகிக்கொண்டார். ஐந்து நாள் கழித்து நீதிபதி ஜாகித் குரைஷி, அந்த வருட ஜனநாயகக் கட்சி பிரைமரியில் லைன் கூடாது, பதவிவாரியாகக் கட்டம் போட்டு எல்லாப் பெயரையும் அதற்குள் அச்சிடுங்கள் என்று உத்தரவிட்டார். ஜூனில் கிம் வென்றார். நவம்பரில் செனட்டரானார். 2025 மார்ச்சில் அது இரண்டு கட்சிக்கும் சட்டமாகவே வந்துவிட்டது.

தலைமுறை தலைமுறையாக நம் மாநிலத்தில் வாக்குச்சீட்டே 'இவருக்குப் போடு' என்று கைகாட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கை எடுக்கப்பட்டுவிட்டது. 2025 ஜூன் 10 அன்று ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சிக் கட்டத்தில் ஆறு பெயர்கள் இருந்தன. காங்கிரஸ் உறுப்பினர்கள் இருவர், மிக்கி ஷெரில், ஜோஷ் காட்ஹைமர். மேயர்கள் இருவர், நெவார்க்கின் ராஸ் பராக்கா, ஜெர்சி சிட்டியின் ஸ்டீவ் ஃபுலப். ஆசிரியர் சங்கத் தலைவர் ஷான் ஸ்பில்லர். மாநில செனட்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனி. ஷெரில் 34 விழுக்காடு வாங்கி வேட்பாளரானார், நவம்பரில் ஆளுநராகவும் வென்றார். அதாவது ஜூனில் வந்தவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தார்கள். இப்படிப் பலர் நிற்கும் போட்டியில் சிறிய கூட்டம் சேர்ந்து வந்தாலே தராசு சாயும்.

உண்மையில் பிரைமரியில் வாக்களிப்பது நவம்பரைவிடக் கடினம். இதை ஒத்துக்கொள்கிறேன். நவம்பரில் கட்சிப் பெயர் ஒன்றே பாதி முடிவைச் சொல்லிவிடும். ஜூனில் ஆறு பேரும் ஒரே கட்சி. கருக்கலைப்பு, துப்பாக்கி, மருத்துவக் காப்பீடு என்று எதைக் கேட்டாலும் ஆறு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொல்வார்கள். அப்போது வாக்காளர் எதைப் பிடித்துக்கொள்வார்? முன்பு கேட்ட பெயர். தொலைக்காட்சியில் அதிகம் வந்த முகம். பட்டியலில் முதலில் இருக்கும் பெயருக்குக்கூடக் கொஞ்சம் லாபம் உண்டு, அதனால்தான் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஆறு சொல்லுக்கு மிகாத ஒரு முழக்கம் போட்டுக்கொள்ள இங்கே அனுமதி உண்டு. அதைப் படித்துவிட்டு நின்ற இடத்திலேயே முடிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வேட்பாளரின் கொள்கைப் பக்கத்தை நான் படிப்பதே இல்லை, எல்லாம் ஒரே மாவில் சுட்ட தோசை. அவருக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். காங்கிரஸ், செனட் வேட்பாளர்களின் கணக்கைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. மாநிலப் பதவிகளுக்கு நியூ ஜெர்சிக்கென்று தனி ஆணையம் இருக்கிறது. ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் எந்த மசோதாவில் கட்சியை மீறி வாக்களித்தார் என்று தேடுகிறேன். ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல். அப்புறம் ஒரு உள்ளூர்க் கேள்வி. என்னுடையது சொத்து வரியும் மழைவெள்ள வடிகாலும். 2021இல் ஐடா புயல் வந்தபோது என் நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தக் கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் சொன்ன வேட்பாளர்களை விரல் விட்டு எண்ணலாம். வேலை சுலபமாகிவிடுகிறது.

'என் ஒரு வாக்கில் என்ன ஆகிவிடப் போகிறது' என்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவைக் காட்டுகிறேன். அங்கே முறையே வேறு. அதிபர் பதவி தவிர மற்றவற்றுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில், முதல் இருவர் மட்டும் நவம்பருக்குப் போவார்கள். 2024 மார்ச்சில் 16ஆவது காங்கிரஸ் தொகுதியில் பதினொரு பேர் நின்றார்கள். பாலோ ஆல்டோ, மவுண்டன் வியூ அடங்கிய தொகுதி, நம்மவர்கள் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாம் இடத்துக்கு எவன் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்கு 30,249 வாக்குகள். ஒன்றுகூட முன்பின் இல்லை! மறு எண்ணிக்கை நடந்தது. ஐந்து வாக்கில் லோ நவம்பருக்குப் போனார், சிமிட்டியன் வீட்டுக்குப் போனார். ஐந்து என்றால் ஒரு காரில் அடங்கும் கூட்டம்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை அனுப்புகிறவர்களுக்காக ஓரிரு வரி. டெக்சாஸ், வர்ஜினியா, ஜார்ஜியா மாநிலங்களில் கட்சிப் பதிவே கிடையாது. போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம், ஆனால் ஒரு கட்சியுடையது மட்டும். நியூயார்க் அதற்கு நேர் எதிர். கட்சியில் பதிவு இல்லையென்றால் பிரைமரியில் இடமே இல்லை, கட்சி மாற பிப்ரவரி 14தான் கடைசி. காதலர் தினத்தன்று கட்சி மாற ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரைமரியின் மதிப்பு எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான். நூறு வருடத்துக்கு முன் அங்கே ஜனநாயகக் கட்சி மட்டும்தான், அதன் வேட்பாளர் ஜெயித்தே தீருவார். 1923இல், கறுப்பின மக்கள் அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே போட்டார்கள். பொதுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை நேரடியாகப் பறிக்கவில்லை, பாருங்கள். நவம்பரை விட்டுவிட்டு ஜனநாயகக் கட்சிப் பிரைமரியை மட்டும் பூட்டினார்கள், அது போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல் பாசோவின் டாக்டர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட்டு 1927இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். உடனே டெக்சாஸ் அந்த அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவுக்கு மாற்றியது. அவர் மறுபடி போய் 1932இல் மறுபடி வென்றார். சரி என்று கட்சி மாநாடே தீர்மானம் போட்டது. கட்சி ஒரு தனியார் மன்றம், யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்று 1935இல் உச்ச நீதிமன்றமும் தலையாட்டிவிட்டது. ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் விடவில்லை. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944 ஏப்ரல் 3 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: பிரைமரியும் தேர்தல்தான், நிறம் பார்த்துக் கதவை அடைக்க முடியாது.

அதே 1923இல்தான் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று இதே நீதிமன்றம் சொன்னது. 1946இல் சட்டம் மாறிய பிறகுதான் இந்தியர்கள் பொதுவாக இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. நிக்சனும் ஸ்மித்தும் ஏறக்குறைய இருபது வருடம் நீதிமன்றப் படியேறி வாங்கிய அதே சீட்டைத்தான், நாம் தபாலில் வரவில்லையே என்று அலட்சியமாக விட்டுவிடுகிறோம்.

பிரைமரி ஏதோ புனிதமான ஏற்பாடு என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு சிலரே வருவதால், கட்சிக்குள் தீவிரமாக இருப்பவர்களே வேட்பாளரை முடிவு செய்துவிடுகிறார்கள் என்ற குறை உண்டு. சில சமயம் மக்கள் போட்ட வாக்கே செல்லாக்காசாகும். 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார், அப்போது சிகாகோ கட்சி மாநாட்டில் வெடித்த கலவரத்துக்குப் பிறகுதான் 1972இலிருந்து பிரைமரிக்கு இன்றைய பலம் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம்ம கமலா ஹாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 4 அன்று நியூ ஜெர்சிச் சீட்டில் இருந்தது பைடன் பெயர். ஜூலை 21 அன்று அவர் விலக, கட்சிப் பிரதிநிதிகள் கமலாவை வேட்பாளராக்கினார்கள். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் கட்-அவுட் வைத்துக் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தானே அதிபர் வேட்பாளராக நின்ற முந்தைய சுற்றில், முதல் வாக்கு விழும் முன்பே, 2019 டிசம்பரில் விலகியிருந்தார். பிரைமரி மேடையில் நின்று ஜெயித்த வேட்பாளர் என்றால் நவம்பரில் கொஞ்சம் வேறு மாதிரி போயிருக்குமோ என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. போயிருக்கும் என்பது என் கட்சி. என் மனைவி எதிர்க்கட்சி.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளே, தமிழ்ப் பள்ளி முதல்வர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். "நாங்கள் லாப நோக்கற்ற அமைப்பு, அரசியல் பேசக் கூடாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். ஒரு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்துக் கேள்வி கேட்கலாம். வாக்காளர் பதிவு மேசை போடலாம். சித்திரைத் திருவிழாவில் ஒரு மேயர் வந்து வணக்கம் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போகிறாரே, அதே மேடையில் மே மாதம் அவரையும் அவருக்கு எதிராக நிற்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். பொன்னாடை இல்லாவிட்டாலும் வருவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. நவம்பர் தேர்தல் நாளுக்குள் 18 வயது நிரம்பிவிடும் என்றால், 17 வயதிலேயே பிரைமரியில் வாக்களிக்கலாம் என்று நம் மாநிலம் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2026இலிருந்து அது நடப்புக்கு வந்துவிட்டது. அப்பா அம்மாவை நீங்கள்தான் காரில் அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று. பிரைமரிச் சீட்டின் அடியில் கவுண்டி கமிட்டி உறுப்பினர் என்று ஒரு கட்டம் இருக்கும், நம் இரண்டு மூன்று தெருவுக்கான கட்சிப் பிரதிநிதி. இவர்கள் கூடித்தான் கவுண்டி தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல இடங்களில் போட்டியே இருக்காது, சில இடங்களில் நிற்கவே ஆள் இருக்காது. நிற்பதற்கு ஒரு சில கையெழுத்துப் போதும். கொலு சுண்டல் கொடுக்கப் போகும் வீடுகளிலேயே அந்தக் கையெழுத்து தேறிவிடும். கிளைச் செயலாளர் பதவி என்று என் சித்தப்பாவிடம் போனில் விளக்கினேன். "தலைமை போடுறது இல்லையா? தெருக்காரங்களே ஓட்டுப் போட்டா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை.

அடுத்த தமிழ்ப் பள்ளி நாளன்று காலை, கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஃபிளாஸ்க்கில் காபி இருக்கும். கட்சி அறிவிப்புப் படிவமும் பேனாவும் உறையும் நான் தருகிறேன். எந்தக் கட்சி என்று கேட்க மாட்டேன், எட்டியும் பார்க்க மாட்டேன். நிரப்பி, ஒட்டி, நீங்களே தபாலில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
மிடில்செக்ஸ் கவுண்டியிலிருந்து,
உங்கள் பட்டியலில் விடுபட்டிருந்த ஒரு வாக்காளன்